இரண்டு பண்ணைகள், ஒரு கேள்வி: மிச்சமான நேரம் யாருக்கு?

1910 மே மாதக் கடைசியில், ஜோகன்னஸ்பர்க்கில் கட்டடக் கலைஞராக நல்ல வருமானத்தோடு வாழ்ந்துகொண்டிருந்த ஹெர்மன் காலன்பாக், தாம் வாங்கிய 1,100 ஏக்கர் நிலத்தைக் காந்தியிடம் ஒப்படைத்தார். வாடகை வேண்டாம் என்றார். போராட்டம் நடக்கும்வரை சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கிக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தார்கள்.

1932இல், அமெரிக்காவைப் பொருளாதாரப் பெருமந்தம் ஆட்டிவைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஸ்காட் நியரிங்கும் ஹெலன் நோத்தும் நியூயார்க்கை விட்டு வெர்மான்ட் மாநிலத்து மலைப்பகுதிக்குப் போனார்கள். 300 டாலர் ரொக்கம், 800 டாலர் அடமானக் கடன் என்று ஒரு பாழடைந்த பண்ணையை வாங்கினார்கள். பின்னாளில் அது ஃபாரஸ்ட் பண்ணை என்று அறியப்பட்டது.

நகரத்தை விட்டு விலகி எளிமையாக வாழப்போகிறோம் என்று புறப்படும் குடும்பங்களுக்கு இருபதாம் நூற்றாண்டு தந்த முன்மாதிரிகளில் இந்த இரண்டும் முக்கியமானவை. இரண்டுக்கும் ஊற்று ஒன்றே. தன் சோற்றுக்கான உழைப்பைத் தன் உடம்பே செய்ய வேண்டும் என்ற டால்ஸ்டாயின் கருத்தைக் காந்தியும் ஏற்றார், ஸ்காட்டும் ஏற்றார். இரண்டு இடங்களிலும் புலால் இல்லை, வேலைக்காரர் இல்லை, கையால் கட்டிய வீடு. அப்படியிருந்தும் இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் வேறு. காரணத்தைத் தேடினால், எளிமையால் மிச்சமான நேரத்தை யார் கணக்கில் வரவு வைத்தார்கள் என்ற கேள்விக்கு வந்து நிற்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பண்ணைகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவற்றை நடத்தியவர்களே எழுதியது. டால்ஸ்டாய் பண்ணையின் கதையைக் காந்தி, எரவாடா சிறையில் எழுதத் தொடங்கிய நூலில், பத்தாண்டுகளுக்குப் பிறகு, நினைவிலிருந்து சொன்னார். நியரிங் இணையர் தங்கள் வெர்மான்ட் வாழ்க்கையை 1954இல் வெளியான ‘லிவிங் தி குட் லைஃப்’ நூலில் எழுதினார்கள். கூடவே இருந்து மாவரைத்தவர்களும் மண்வெட்டியவர்களும் இவ்வளவு விரிவாக எழுதிவைக்கவில்லை. அந்த எச்சரிக்கையோடுதான் இரண்டையும் படிக்க வேண்டும்.

ஏன் போனார்கள்

நியரிங்குகளைத் துரத்தியது வேலையின்மை. ஸ்காட் பொருளாதாரப் பேராசிரியர். குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்துப் பேசிவந்தவரைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1915இல் வெளியேற்றியது. முதல் உலகப் போரை எதிர்த்ததால் டொலிடோ பல்கலைக்கழக வேலையும் 1917இல் போயிற்று. போரெதிர்ப்புப் பிரசுரம் எழுதியதற்காக வழக்கும் வந்தது, 1919இல் விடுதலையானார். அதற்குப் பிறகு அவரை வகுப்பறைக்குள் விடவும் நூல்களை அச்சிடவும் பெரிய நிறுவனங்கள் தயங்கின. ஹெலன் வயலின் கலைஞர்; இளமையில் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் நெருங்கிய வட்டத்தில் இருந்தவர். யாரிடமும் சம்பளம் வாங்காமல், யாருக்கும் வாயடைத்துப் போகாமல் வாழ ஓர் இடம் வேண்டும் என்பதே இருவருடைய தேவையும்.

டால்ஸ்டாய் பண்ணைக்குப் போன குடும்பங்கள் அமைதியைத் தேடிப் போகவில்லை. டிரான்ஸ்வாலில் இந்தியர்களைக் கைரேகை வைத்துப் பதிவுசெய்யச் சொன்ன சட்டத்தை எதிர்த்து ஆண்கள் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கவேண்டியிருந்தது. யாருக்கு எவ்வளவு தேவை என்று எந்தத் தராசில் நிறுப்பது? ஒருவருக்கு அதிகம் போயிற்று என்று இன்னொருவர் நினைக்கும் நிலை. ரத்தன் டாட்டா 25,000 ரூபாய் அனுப்பியிருந்தாலும் போராட்டம் எத்தனை ஆண்டு நீளும் என்று தெரியாது. எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே அடுப்பில் சாப்பிட்டால் செலவும் குறையும், மனத்தாங்கலும் குறையும் என்று காந்தி கணக்குப் போட்டார். 1904இல் டர்பன் அருகே தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு ஏற்கெனவே இருந்தது. ஆனால் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அங்கே போக முப்பது மணி நேரம் ஆகும். ஆகவே 21 மைல் தொலைவில் லாலி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த காலன்பாக்கின் நிலம் கைகொடுத்தது.

முதல் வேறுபாடு இங்கேயே தெரிந்துவிடுகிறது. வெர்மான்டில் எளிமை ஒரு தேர்வு. லாலியில் அது போராட்டத்தின் தளவாட ஏற்பாடு.

நிலமும் பணமும்

எளிய வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற பேச்சைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. டால்ஸ்டாய் பண்ணையில் நிலம் ஒரு நண்பரின் கொடை. வாங்கும்போதே ஆரஞ்சு, ஆப்ரிகாட், பிளம் என்று ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள் காய்த்துக்கொண்டிருந்தன. இரண்டு கிணறு, ஒரு ஊற்று, ஆறு பேர் தங்கக்கூடிய ஒரு சின்ன வீடு. மீதியை அவர்களே கட்டிக்கொண்டார்கள். நெளிதகரக் கொட்டகைகள் எழும்பும்வரை இரண்டு மாதம் கூடாரத்தில் இருந்தார்கள். பண்ணை தன் காலில் நிற்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனால் அது விளைச்சலை விற்றுப் பிழைத்த பண்ணை என்று சொல்ல முடியாது. நன்கொடையும் சிக்கனமும்தான் அதைத் தாங்கின.

நியரிங்குகளுக்குச் சந்தையில் விற்க ஒரு பொருள் இருந்தது. அவர்கள் நிலத்தில் மேப்பிள் மரங்கள் நிறைய. குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலுமாக மாறிமாறி வரும் சில வாரங்களில் அந்த மரத்தில் நீர் ஊறும். துளைபோட்டு, வாளி மாட்டி, சேர்ந்ததை அகலத் தட்டுகளில் விறகுத் தீ மூட்டிக் காய்ச்ச வேண்டும். நம்மூரில் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிற வேலையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புகையும் கண்விழிப்பும் புரியும். ஏறக்குறைய நாற்பது காலன் மரநீர் சுண்டினால் ஒரு காலன் பாகு கிடைக்கும். அதுவும் அதிலிருந்து செய்த சர்க்கரையும்தான் அவர்களுடைய ரொக்க வருமானம். வரி, உப்பு, இரும்புச் சாமான், அஞ்சல் தலை என்று பணம் கொடுத்தே ஆகவேண்டியவற்றுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு பாகு விற்றதும் நிறுத்திக்கொள்வோம் என்பது அவர்கள் வகுத்த விதி. இத்தொழிலைப் பற்றி 1950இல் ஒரு தனி நூலே எழுதினார்கள்.

இந்தக் கணக்கு முழுமையானதா என்ற கேள்வி பின்னால் எழுந்தது. அவர்கள் பின்னாளில் குடிபெயர்ந்த மெய்ன் மாநிலத்தில், அவர்களுக்கு அண்டை நிலத்தில் குடியேறி வாழ்ந்த ஒருவர் 2003இல் எழுதிய நூல், இருவருக்கும் வெளியிலிருந்து வந்துசேர்ந்த சொத்தையும் ஸ்காட்டின் சொற்பொழிவு வருமானத்தையும் சுட்டிக்காட்டி, மண்ணை மட்டும் நம்பி அந்த வாழ்க்கை நின்றுவிடவில்லை என்று வாதிட்டது. இதனால் அவர்கள் உழைப்பு பொய்யாகிவிடாது. ஆனால் ‘லிவிங் தி குட் லைஃப்’ நூலை மட்டும் படித்துவிட்டுக் கையிருப்பு இல்லாமல் மலையேறிய இளம் குடும்பங்களுக்கு, ஏன் தங்களால் முடியவில்லை என்பதற்கான பதில் இங்கே இருந்தது.

ஆக, ஒரு பண்ணைக்குப் பின்னால் நண்பரின் கொடை; இன்னொன்றுக்குப் பின்னால் வெளிவருமானம். காந்தி தம் பண்ணையின் கணக்கில் கொடையாளியின் பெயரை முதல் வரியிலேயே எழுதினார் என்பதுதான் வித்தியாசம்.

ஒரு நாள் எப்படிப் போயிற்று

மெதுவான வாழ்க்கை என்று நாம் பெயர் வைத்தாலும், இரண்டு பண்ணையிலும் கடிகாரம் கறாராகவே ஓடியது. டால்ஸ்டாய் பண்ணையில் காலை ஆறு மணிக்கு ரொட்டியும், கோதுமையை வறுத்துப் பொடித்துக் கொதிக்கவைத்த காபியும். பதினொரு மணிக்குச் சோறு, பருப்பு, காய். மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், அல்லது மறுபடியும் ரொட்டியும் காபியும். ஏழு, ஏழரை மணிவாக்கில் வழிபாடு. ஒன்பது மணிக்குப் படுக்கை. கோதுமையை அங்கேயே திருகையில் அரைத்தார்கள். வெண்ணெய்க்குப் பதில் நிலக்கடலையை வறுத்து அரைத்த விழுது. ஊற்று ஐந்நூறு கஜத் தொலைவில் இருந்ததால் காவடி கட்டித் தண்ணீர் சுமந்தார்கள். படுப்பதற்கு இரண்டு கம்பளியும் ஒரு மரத் தலையணையும்.

சொந்த வேலையாக ஜோகன்னஸ்பர்க் போகிறவர் நடந்துதான் போக வேண்டும். பண்ணை வேலையாகப் போனால் மட்டும் ரயில், அதுவும் மூன்றாம் வகுப்பு. விடியற்காலை இரண்டு மணிக்குப் புறப்பட்டால் ஆறேழு மணி நேரத்தில் நகரம். மிக வேகமாக நடந்தவர் எடுத்துக்கொண்டது 4 மணி 18 நிமிடம் என்று காந்தி குறித்திருக்கிறார். போட்டி போட்டு நடந்திருக்கிறார்கள்!

அங்கிருந்தவர்களில் ஒருவர் ஜோசஃப் ராயப்பன். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழ்க் கிறித்தவப் பெற்றோரின் மகன். கேம்பிரிட்ஜில் படித்த பாரிஸ்டர். ரயிலில் வந்திறங்கும் மூட்டைகளை இறக்கி வண்டியில் ஏற்றிப் பண்ணைவரை இழுத்துவரும் வேலை அவருக்கும் வந்தது. உடம்பு ஒத்துழைக்கவில்லை; இருந்தும் முடிந்த மட்டும் செய்தார் என்கிறார் காந்தி. மகன் இனிக் கூலிவேலை செய்யவேண்டியதில்லை என்றுதான் எந்தப் பெற்றோரும் பிள்ளையைப் பாரிஸ்டருக்குப் படிக்கவைப்பார்கள். பரம்பரையாகச் சுமந்தவர்களின் பிள்ளை சுமை தூக்குவதும், கட்டடக் கலைஞர் காலன்பாக் மரியன்ஹில் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஒரே செயலாகத் தெரியலாம். இரண்டுக்கும் விலை ஒன்றில்லை.

நியரிங்குகள் நாளை இரண்டாகப் பிரித்தார்கள். நான்கு மணி நேரம் உணவுக்கான உழைப்பு: தோட்டம், விறகு, கல்வீடு. இன்னொரு நான்கு மணி நேரம் தனக்கே உரியது: வாசிப்பு, எழுத்து, இசை. காலை உணவு பழம். மதியம் சூப்பும் தானியமும். இரவு பச்சைக் காய்கள். மரக் கிண்ணத்தில் சாப்பாடு. அடுப்படியில் நேரத்தைக் கொட்டக்கூடாது என்பது ஹெலனின் பிடிவாதம்; அதற்கென்றே பின்னாளில் ஒரு சமையல் நூலும் எழுதினார். வீடு கட்டும்போது ஸ்காட் கான்கிரீட் கலந்தார். கல் அடுக்கியவர் ஹெலன். கால்நடை வளர்க்கவில்லை. விலங்கை அடிமைப்படுத்தக்கூடாது என்பது கொள்கை. மாடு இருந்தால் வெளியூர் போக முடியாது என்பது நடைமுறை. குளிர்காலத்தில் சொற்பொழிவுக்குப் பயணம் போகிறவர்களுக்கு அது வசதிதான்.

லாலியில் ஒருவர் மிச்சம் பிடித்த மணிநேரம் அத்தனை பேருக்கும் பொதுவாகப் போயிற்று. வெர்மான்டில் அது உழைத்தவரின் மேசைக்கே திரும்பி வந்தது.

குழந்தைகள்

இந்த ஒப்பீட்டில் மிகப் பெரிய இடைவெளி இங்கேதான். நியரிங்குகளின் பண்ணையில் குழந்தைகள் இல்லை. ஸ்காட்டின் முதல் மணத்துப் பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டவர்கள். பள்ளிக்கூடம், காய்ச்சல், மாப்பிள்ளை, படிப்புச் செலவு எதுவும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. நான்கு மணி நேரம் உழைப்பு, நான்கு மணி நேரம் வாசிப்பு என்ற பங்கீடு கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒரு வாரம்கூட நிற்காது.

டால்ஸ்டாய் பண்ணையில் இருபது முப்பது குழந்தைகள் இருந்தார்கள். காலையில் உடலுழைப்பு, பள்ளிக்கூடம் பிற்பகலில்தான். வாத்தியார்கள் காந்தியும் காலன்பாக்கும். அரைத்தூக்கத்தில்தான் பாடம் நடந்தது. இந்தி, தமிழ், குஜராத்தி, உருது என்று அவரவர் மொழியில் சொல்லித்தர வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள், எழுத்து தெரியாது. காந்தி கப்பலிலும் சிறையிலும் ஜி.யு. போப்பின் தமிழ்க் கையேட்டை வைத்துப் படித்த தமிழைக்கொண்டு அவர்களுக்கு எழுத்தும் ஆரம்ப இலக்கணமும் சொல்லிக்கொடுத்தார். பேச்சில் பிள்ளைகள் அவரை மிஞ்சினார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் காந்தியைப் பார்க்க வந்தால், அந்த மாணவர்களே அவருக்குத் துபாஷிகள்.

இனிமையான காட்சிதான். ஆனால் அதே காலத்தில், முறையான படிப்பு தரவில்லை என்ற மனக்குறையோடு மூத்த மகன் ஹரிலால் 1911இல் தந்தையைப் பிரிந்து இந்தியாவுக்குப் போனார். பலமுறை சிறைசென்ற சத்தியாக்கிரகி அவர். கொள்கைமீது வெறுப்பு வந்து போனவர் அல்லர். ஒரு தந்தையின் எளிமை, மகனுக்கு வாய்ப்பை மறுப்பதாகத் தெரிந்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த நேரத்தைக் கொண்டு சொந்த வீட்டுக் கணக்கை நேர்செய்ய முடியவில்லை. எளிய வாழ்க்கையைத் தேர்கிற பெற்றோர் எல்லோருக்கும் பொருந்தும் கேள்வியை ஹரிலால் எழுப்பினார்: வேண்டாம் என்று விடுவதற்கு உங்களிடம் ஒரு பட்டம் இருந்தது, என்னிடம் என்ன இருக்கிறது?

உணவு விஷயத்தில் காந்தி இன்னும் நுட்பமாக நடந்துகொண்டார். முஸ்லிம், கிறித்தவக் குடும்பங்கள் வரும்போது அவர்கள் புலால் கேட்டால் மறுக்கத் தமக்கு உரிமை இல்லை என்றே நினைத்தார். சிறைக்குப் போனவனின் மனைவிக்கு இதைத்தான் சாப்பிட வேண்டும் என்று எப்படிச் சொல்வது? தம் மனநிலையை அவர்களிடம் சொல்லிச் சம்மதம் கேட்டார், பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டவர்களுக்கு வேறு வழி எவ்வளவு இருந்தது என்று இன்று கேட்கலாம். ஆனாலும் கேட்டார் என்பது முக்கியம்.

ஊரும் அண்டையும்

நியரிங்குகள் தங்கள் நூலில் நேர்மையாக ஒப்புக்கொண்ட தோல்வி ஒன்று உண்டு. வெர்மான்டில் இருபது ஆண்டு இருந்தும் கூட்டுவாழ்வு எதையும் அவர்களால் உருவாக்க முடியவில்லை. பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு அவர்கள் எப்போதும் வந்தேறிகள்தான். கடிகாரம் பார்த்து வேலை செய்து, மாடு வளர்க்காமல், பச்சைக்காய் தின்று, பத்தாண்டுத் திட்டம் போட்டு வாழ்ந்தவர்களை ஊரார் அதிசயமாகப் பார்த்தார்கள், பின்பற்றவில்லை. அதே சமயம், மலிவாக வாங்கிய காட்டுநிலத்தின் விலை ஏறியபோது, அந்த உயர்வு தங்கள் உழைப்பால் வந்ததல்ல என்று சொல்லி அக்காட்டை வின்ஹால் ஊருக்கே எழுதிக்கொடுத்தார்கள். நிலத்தை ஊருக்குத் தர முடிந்தது. தங்களை ஊரில் ஒருவராக்க முடியவில்லை. 1952இல் மெய்ன் கடற்கரைக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே ரொக்கப் பயிர் புளூபெர்ரி.

டால்ஸ்டாய் பண்ணை நின்றது மூன்று ஆண்டுக்கும் குறைவு. 1913 தொடக்கத்தில் காந்தி ஃபீனிக்ஸுக்குத் திரும்பினார். பண்ணை கலைந்தது. ஆனால் அதே ஆண்டு, கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்பு வந்து பெண்களும் களத்தில் இறங்கியபோது, டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பெண்களைத்தான் காந்தி முதலில் அழைத்தார். பதினொரு பேர், ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழர். போராட்டத்தின் முன்னணித் தமிழர்களில் ஒருவரான தம்பி நாயுடுவின் மனைவியும் அவர்களில் ஒருவர். சிலர் கைக்குழந்தையோடு போனார்கள். எல்லையைத் தாண்டி நேட்டாலுக்குள் போய் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். 1913 அக்டோபரில் அங்கே வேலைநிறுத்தம் வெடித்தது. ஒரே அடுப்பில் சமைத்து, தரையில் படுத்து, கணவன் சிறையில் இருக்க நாளை ஓட்டிப் பழகியவர்களுக்குச் சிறைக் கஞ்சி புதிதாக இருந்திருக்காது. மிச்சமான நேரம் பொதுக் கணக்கில் சேர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான வரவு எதுவும் இல்லை.

நியரிங்குகளின் செல்வாக்கு வேறு பாதையில் வந்தது. அவர்கள் நூல் 1970இல் மறுபதிப்பு கண்டபோது வியட்நாம் போரால் மனம் வெறுத்த தலைமுறை அதை எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மெய்ன் பண்ணைக்கு வந்தார்கள். நியரிங்குகள் பக்கத்து நிலத்தைச் சிலருக்கு மலிவு விலைக்குக் கொடுக்கவும் செய்தார்கள். அப்படி வாங்கியவர்களில் ஒருவரான எலியட் கோல்மன் இயற்கை வேளாண்மையில் பெரிய பெயரானார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் கல்வீடு கட்டிக்கொண்டிருந்த ஸ்காட், நூறு வயது நிறைந்த சில நாள்களில், உணவைத் தாமாகவே நிறுத்திக்கொண்டு 1983 ஆகஸ்டில் இறந்தார். அரை நூற்றாண்டு ஓடிய சோதனை அது. ஊர் அவர்களைத் தேடி வந்தது, வாசகர்களாக.

ஒப்பிட்டால்

நீடித்ததை வைத்து அளந்தால் நியரிங்குகளுக்கே வெற்றி. மற்றவர் வாழ்க்கையை மாற்றியதை வைத்து அளந்தால், சுரங்கத்தில் வேலையை நிறுத்திய கைகளின் பக்கம் தராசு சாய்கிறது. இழப்பை வைத்து அளந்தாலும் இரண்டும் வேறுவேறு: ஃபாரஸ்ட் பண்ணை ஊரை இழந்தது, டால்ஸ்டாய் பண்ணையை நடத்தியவர் மகனை இழந்தார்.

இன்று மென்பொருள் வேலையை விட்டுவிட்டுக் கொடைக்கானல் மலைச்சரிவிலோ சத்தியமங்கலம் பக்கத்திலோ நிலம் பார்க்கும் குடும்பங்கள் பெரும்பாலும் நியரிங்குகளின் வழியில்தான் போகின்றன, பெயர் தெரியாவிட்டாலும். தனி நிலம், தனி வீடு, தோட்டத்துக் காய், வாசிக்க நேரம். அதில் தவறில்லை. ஆனால் நியரிங்குகளிடம் இல்லாத ஒன்று இந்தக் குடும்பங்களிடம் இருக்கிறது: பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகள். அந்தப் பாடத்தை வெர்மான்ட் நூலில் தேடினால் கிடைக்காது. லாலியில்தான் தேட வேண்டும், அதன் ஆறாத புண்ணோடு சேர்த்து.

என் தீர்ப்பு இது. பண விஷயத்தில் நியரிங்குகளின் முறை நல்லது: ரொக்கத்துக்கு ஒரே ஒரு பொருள், தேவைக்கு மேல் விற்பதில்லை, புதிய கடன் இல்லை. அதோடு வெளிவருமானத்தை மறைக்காமல் எழுதிவைக்கும் வழக்கமும் வேண்டும். வீட்டு விஷயத்தில், புலால் பற்றிப் பெண்களிடம் சம்மதம் கேட்ட காந்தியைப் பின்பற்றலாம். மகனுக்கு முறையான படிப்பைத் தராத காந்தியைப் பின்பற்றக்கூடாது. இடம் மாறிப்போகும் வீட்டில் கைவிடப்படும் ஒவ்வொன்றும் யாருக்கு இல்லாமல் போகிறது என்று பார்த்து, அவரிடம் முதலில் கேட்க வேண்டும். பிறகு, மிச்சமாகும் நேரத்தில் ஒரு பங்கை வேலிக்கு வெளியே, அந்த ஊர்ப் பள்ளிக்கோ ஏரிக்கோ கிராமசபைக்கோ ஒதுக்கிவைக்க வேண்டும். இருபது ஆண்டு உழைத்தும் வெர்மான்டில் வந்தேறிகளாகவே இருந்தவர்களுக்கும், மூன்றே ஆண்டில் கலைந்தாலும் ஒரு வேலைநிறுத்தத்தைத் தொடங்கிவைத்தவர்களுக்கும் இடையிலான வித்தியாசம் அந்த ஒரு பங்கில்தான் இருந்தது.